வலி நின்ற நாள்



நான் சொன்ன ஒரு சாட்சியைத் திருத்தவே இவ்வாரம் எழுதுகிறேன். சில மாதங்களுக்கு முன் கடைவாய்ப் பல்லின் வலியால் மூன்று இரவுகள் உறங்காதிருந்தேன். கிராம்பை அடக்கிக்கொண்டேன், ஜெபித்தேன். நான்காம் நாள் காலை வலி அறவே நீங்கியிருந்தது. சுகம் கிடைத்தது என்று ஞாயிறு ஆராதனையில் உங்கள் முன் ஸ்தோத்திரம் சொன்னேன்.

பின்னர் ஓர் இரவில் தாடை வீங்கிக் காய்ச்சலும் கண்டது. தலைச்சோலையிலிருந்து புறப்பட்டு, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து சேலம் இறங்கினேன். எக்ஸ்ரே படத்தைக் காட்டிப் பல் மருத்துவர் சொன்னார்: “ஐயா, அன்று உங்கள் பல் குணமாகவில்லை. உள்ளேயிருந்த நரம்பு செத்துப்போயிற்று. அதனால்தான் வலி நின்றது.”

பல்லின் நடுவே நரம்பும் இரத்தக் குழாய்களும் கொண்ட மென்மையான கூழ் இருக்கிறது. ஆழமான சொத்தை வழியே கிருமிகள் அங்கே சேர்ந்தால் அது வீங்குகிறது. சுற்றிலும் கடினமான சுவராதலால் வீக்கத்துக்கு இடமின்றிக் கடும் வலி உண்டாகிறது. கூழ் செத்தபின் வலி அடங்கும். கிருமிகளோ வேர் நுனி வழியே எலும்புக்குள் இறங்கிச் சீழ் கட்டும். இரத்த ஓட்டமற்ற பல்லுக்குள் ஆன்டிபயாட்டிக் மாத்திரை சென்று சேராது. உள்ளே சுத்தம் செய்ய வேண்டும். இயலாவிடில் பல்லை எடுக்க வேண்டும்.

அந்தச் சுத்தம் செய்தலே வேர் சிகிச்சை. ஊசி போட்டு மரத்துப்போகச் செய்த பிறகே தொடங்கினார்கள். நான் அஞ்சிய வலி அங்கே இல்லை. கடைவாய்ப் பல்லில் பெரும்பாலும் 3 அல்லது 4 வேர்க்குழாய்கள் உண்டு. அவற்றை மெல்லிய கருவிகளால் துப்புரவாக்கி, மருந்து நீரால் கழுவி, கட்டாபெர்ச்சா என்னும் மரப்பாலால் ஆன பொருளை வைத்து அடைக்கிறார்கள்.

தற்காலிக அடைப்போடு நின்றுவிடாதீர்கள். கடைவாய்ப் பல்லுக்குப் பெரும்பாலும் மேலே கேப் போட வேண்டும். இல்லாவிடில் பல் பிளக்கக்கூடும். சில நாட்கள் கடிக்கும்போது சிறிது வலிக்கலாம். வலி கூடினால் மருத்துவரிடம் தெரிவியுங்கள். சர்க்கரை நோய், மருந்து ஒவ்வாமை, வழக்கமாக உண்ணும் மாத்திரைகள் யாவற்றையும் முன்னரே சொல்லுங்கள்; எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். முகம் வீங்கி, விழுங்கவோ மூச்சுவிடவோ வாய் திறக்கவோ கடினமானால், விடியட்டும் என்று காத்திராமல் அவ்விரவே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

என் சாட்சியைக் கேட்ட நம் சபையின் தாயார் ஒருவர், தாம் தொடங்கிய சிகிச்சையைப் பாதியில் விட்டார் என்பதைப் பின்னரே அறிந்தேன். காப்பித் தோட்டத்தில் ஒரு நாள் கூலியை விட்டு மலையிறங்குவது அவருக்கு எளிதன்று. தள்ளிப்போட என் வார்த்தை போதுமானதாயிற்று. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். சென்ற வாரம் இருவரும் ஒரே பேருந்தில் சேலம் போய்வந்தோம்.

இன்றும் வலியில் ஜெபிக்கிறேன், நீங்களும் ஜெபியுங்கள். ஆனால் வலியின் மௌனத்தை ஆண்டவரின் பதிலென்று அவசரமாய் அறிவித்தது என் பிழை. மனசாட்சியும் இவ்வாறே. அது குத்துவதை நிறுத்திய நாளில் நாம் மன்னிக்கப்பட்டோம் என்று எண்ணிக்கொள்கிறோம். உள்ளே அது மரித்துக்கொண்டிருக்கலாம். ஆராய்ந்து பார்க்க நம்மை ஒப்புக்கொடுப்போம். ஆமென்.