'சரி'யா, 'சரிதான்'னா?

மரக்காணம் உப்பளத்துல ஒரு பேரம் நடக்குதுன்னு வச்சுக்குவோம். வெளியூர் வியாபாரி சொல்றார்: "அண்ணே, லாரி வாடகை ஏறிடுச்சு. மூட்டைக்குக் கொஞ்சம் குறைச்சுக்குங்க."

உப்பளக்காரர் சொல்றார்: "நீங்க சொல்றது சரிதான் தம்பி."

அவர் விலையைக் குறைச்சுட்டாரா? இல்லை! வாடகை ஏறினது உண்மைன்னு மட்டும்தான் ஒத்துக்கிட்டார். "சரி தம்பி, எடுத்துக்குங்க"ன்னு சொல்லியிருந்தா கதையே வேற. வெயில்ல நின்னு வாரின உப்பு அந்த விலைக்குப் போயிருக்கும்.

இதே பேரம் ஆங்கிலத்துல நடந்தா? கருத்து சரின்னா 'அக்ரீ வித்'. நிபந்தனைக்குச் சம்மதம்னா 'அக்ரீ டு'. ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வந்தா 'அக்ரீ ஆன்'. 'வித்' போட வேண்டிய இடத்துல 'டு' போட்டா, விலைக்கே தலையாட்டின மாதிரி ஆயிடும்.

இதை மனப்பாடம் பண்ண வேண்டியதில்லை மக்களே. நம்ம வேற்றுமை உருபுலயே இருக்கு. உங்க கருத்தோடு ஒத்துப்போறேன் (ஓடு, மூன்றாம் வேற்றுமை). உங்க விலைக்குச் சம்மதிக்கிறேன் (கு, நான்காம் வேற்றுமை). விலையில் உடன்பட்டோம் (இல், ஏழாம் வேற்றுமை). வித், டு, ஆன்... முடிஞ்சது!

ஆனா நண்பர்களுக்குள்ள பேசுற ஆங்கிலத்துல இந்தக் கணக்கு உதைக்கும். "எனக்கு ஓகே"ங்கிறதை அப்படியே மாத்தி "ஓகே டு மீ"ன்னு சொல்றவங்க உண்டு. வழக்கத்துல இருக்கிறது "ஓகே வித் மீ" அல்லது "ஃபைன் பை மீ". சினிமாவுக்கு வர்றியான்னு கேட்டா "ஐயாம் அப் ஃபார் இட்"னு சொன்னாலும் ரெடி, "ஐயாம் டவுன் ஃபார் இட்"னு சொன்னாலும் ரெடி. மேலயும் கீழயும் ஒண்ணுதான் :)

'டவுன் வித்' தான் பெரிய வம்பு. "ஐயாம் டவுன் வித் தட்"னா சம்மதம். "டவுன் வித் ஃபீவர்"னா காய்ச்சல்ல படுத்தாச்சு. ஊர்வலத்துல "டவுன் வித்"னு கத்தினா ஒழிக!

காமர்ஸ் படிக்கிறவங்களுக்கு இது வெறும் இலக்கணம் இல்லை. 1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தோட 13ஆவது பிரிவு, ஒரே விஷயத்துக்கு ஒரே அர்த்தத்துல ரெண்டு பேரும் உடன்பட்டாதான் அது சம்மதம்னு சொல்லுது. அந்தப் பிரிவுல வர்ற வார்த்தை 'அக்ரீ அப்பான்', அதாவது நம்ம 'இல்'.

'சரிதான்'னு ஒருத்தர் சொன்னதை 'சரி'ன்னு மத்தவர் எடுத்துக்கிட்டா, அங்க ஒரே அர்த்தம் எங்க இருக்கு? ஐப்பசி மழைக்கு முன்னாடி உப்பை வித்தாகணும்னு நிக்கிறவருக்கு அந்த ஒரு 'தான்' ரொம்பப் பெருசு.

அதனால யாராவது விலை சொல்லி முடிச்சதும் அவசரப்பட்டு 'ஓகே'ன்னு சொல்லிடாதீங்க. அது 'சரி'யா, 'சரிதான்'னான்னு அதுக்கே தெரியாது!