லஹ்பாப் மணலில் ஒரு வன்னி

காற்று இறங்கும் சத்தம் கேட்டுத்தான் அம்மா விழித்தாள். ஷார்ஜாவில் தம்பி வீட்டு வாசலில் மூன்று மணிக்கு ஏறியவள், ஹத்தா சாலை நெடுகத் தூங்கிக்கொண்டே வந்திருந்தாள். லஹ்பாப் அருகே தார்ச்சாலை முடியும் இடத்தில் லேண்ட் க்ரூசரை நிறுத்திவிட்டு, நான்கு சக்கரத்திலும் காற்றை இறக்கிக்கொண்டிருந்தார் ஓட்டுநர். 35-லிருந்து 15-க்கு. டயர் தளர்ந்து பரவினால்தான் மணலில் புதையாதாம். ஒட்டகத்தின் பாதமும் அப்படித்தான் என்று உள்ளங்கையை விரித்துக் காட்டினார்.

கால் நீட்ட இறங்கிய அம்மா நேராக ஒரு மரத்தடிக்குப் போனாள். சின்னச் சின்ன இலை, தொங்கும் கிளை, மெல்லிய முள்.

"டேய், இது வன்னிடா."

"இங்க காஃப்னு சொல்வாங்கம்மா" என்றான் தம்பி. ஒன்பது வருஷமாக இந்த நாட்டில் இருக்கிறவன். 2008-இல் அமீரகத்தின் தேசிய மரமாக அறிவிக்கப்பட்டது இந்த காஃப்தான். தாவரவியலில் இரண்டும் ஒன்றே, ப்ரோசோபிஸ் சினராரியா. நம் ஊர்க் கண்மாய்களை அடைத்து நிற்கும் சீமைக் கருவேலத்துக்கு உறவு, ஆனால் குணம் வேறு. வேரை முப்பது மீட்டருக்கும் கீழே இறக்கி நீர் தேடும். வருஷக்கணக்கில் மழை பொய்த்தாலும் பச்சையாகவே நிற்கும். அதன் நிழலில் ஒட்டகம் படுக்கும், இலையைத் தின்னும்.

அம்மா விருத்தாசலத்தில் பிறந்தவள். அங்கே விருத்தகிரீசுவரர் கோயிலின் தலமரம் வன்னி. கோயில் கட்டிய கூலியாட்களுக்கு விபசித்து முனிவர் வன்னி இலையையே கூலியாகக் கொடுத்தார், அவரவர் உழைப்புக்குத் தக்கபடி அது பொன்னாக மாறியது என்ற கதையை மரத்தைத் தொட்டபடியே சொன்னாள். தம்பி அதை இந்தியில் ஓட்டுநருக்குச் சொன்னான். அவர் சிந்து மாகாணத்துத் தார்பார்க்கர்காரர், பாலைவனத்திலேயே வளர்ந்தவர். "எங்க ஊர்ல இதுக்குக் கண்டின்னு பேரு, அம்மாஜி. காயைக் கறி வெப்போம்" என்றார். பிறகு வால்வு மூடியைத் திருகிக்கொண்டே கேட்டார்: "உழைப்புக்குத் தக்கபடியா? எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்தான்" என்றாள் அம்மா.

அதன்பின் மணல். காற்று வரும் பக்கம் மேடு சாய்வாக ஏறும். மறுபக்கம் செங்குத்தாக விழும். ஏறத்தாழ 34 பாகைக்கு மேல் உலர்ந்த மணல் நிற்காது, சரிந்துவிடும். அந்தச் சரிவில் வண்டி நேராக இறங்க வேண்டும். குறுக்கே திரும்பினால் உருண்டுவிடும். அதற்காகத்தான் உள்ளே இரும்புக் கூண்டு வைத்துக் கட்டியிருக்கிறார்கள். உச்சியில் ஒரு கணம் கண்ணாடி முழுக்க வானம் மட்டுமே தெரிந்தது. அடுத்த கணம் மணல் மட்டும். நான் கத்தினேன். அம்மா என் முழங்கையைப் பிடித்திருந்தாளே ஒழிய வாயைத் திறக்கவில்லை.

வண்டிகள் ஓடும் மேடுகளில் ஒரு புல்கூட இல்லை. கொஞ்சம் தள்ளி, வேலிக்கு அப்பால், அதே மணலில் கொத்துக்கொத்தாகப் புல். இதைப் பார்த்தபின் என் உற்சாகம் பாதியாகிவிட்டது. 225 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள துபாய் பாலைவனக் காப்பகத்தில் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு உண்டு, அரேபிய ஓரிக்ஸ் மான்களும் திரிகின்றன. அடுத்த முறை அங்கேதான் போக வேண்டும். நிதானமாக, முடிந்தால் நடந்து.

ஆறு மணிக்குள் பொழுது சாய்ந்தது. லஹ்பாப் மணல் செம்மண் நிறம். மணிகளைப் போர்த்தியிருக்கும் இரும்புத் துரு தரும் சிவப்பு. சூரியன் தாழத் தாழ அது குங்குமமாயிற்று. செருப்பைக் கழற்றி நின்றோம். மேல்மணல் அதற்குள் குளிர்ந்திருந்தது. காலைப் புதைத்தால் அடியில் பகல் சூடு அப்படியே இருந்தது. அம்மா வெகுநேரம் காலை எடுக்கவே இல்லை.

முகாமில் வழக்கமானவைதான்: ஏலக்காய் மணக்கும் கஹ்வா, பேரீச்சை, மருதாணி, பாகு ஊற்றிய லுகைமாத் உருண்டை. எகிப்திய தனூரா ஆட்டக்காரர் வண்ணப் பாவாடை விரியச் சுழன்றபோது பேச்சு அடங்கியது. அதைவிட எனக்குப் பிடித்தது, சாப்பாட்டுக்குப் பின் ஐந்து நிமிஷம் விளக்கையெல்லாம் அணைத்தார்களே, அதுதான். கிழக்கே அண்ணாந்து, "அதோ திருவாதிரை" என்று சிவந்த நட்சத்திரத்தைக் காட்டினாள் அம்மா. தை மாதக் குளிரில் அது துடித்துக்கொண்டிருந்தது.

திரும்பும்போது மறுபடி அதே இடம். இறக்கிய காற்றை ஏற்ற வேண்டும். கம்ப்ரசர் இரைச்சலில் அம்மா ஓட்டுநரிடம் ஏதோ கேட்டாள், தம்பி மொழிபெயர்த்தான். மூன்று பிள்ளைகள், ஊருக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறதாம்.

கடைசிச் சக்கரத்தையும் முடித்துவிட்டு, முகப்பு விளக்கின் வெளிச்சத்தில் அவர் மரத்தடிக்குப் போனார். கிளையைத் தொடவில்லை. கீழே உதிர்ந்து கிடந்த இணுக்கில் ஒன்றை எடுத்து, மணலை ஊதிவிட்டு, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்து வண்டியை எடுத்தார்.