விடியற்காலை அரைமணி

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பது நம் முன்னோர் வாக்கு. நான் குடியிருக்கும் அதியமான்கோட்டையில் இந்தப் பழமொழிக்குப் பொருள் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. சென்றாயப் பெருமாள் கோயில் மண்டபத்தில் பழங்கால ஓவியங்கள் இருக்கின்றன. கல்லும் காரையும் தாங்கி நிற்பதால் அவையும் நிலைத்து நிற்கின்றன. உடல் என்னும் சுவரைக் காக்க வேண்டும் என்பதை அறியாதவர் யார்? ஆயினும் அதிகாலையில் எழுந்து அரைமணி நேரம் நடப்பவர் நம்மில் எத்தனை பேர்? கேட்டால், "நேரம் இல்லை" என்பார்கள். இரு பிள்ளைகளின் தாயாகவும் கல்லூரி விரிவுரையாளராகவும் காலத்தைக் கழிக்கும் நான், அந்த விடைக்குள் ஒளிந்திருப்பது என்ன என்பதைப் பற்றித்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

என் தாயார் பத்தாண்டுகள் சர்க்கரை நோயோடு போராடி, ஐம்பத்தெட்டாம் வயதில் மறைந்தார். எனக்கு முப்பத்தொன்பது வயதானபோது இரத்தப் பரிசோதனையைப் பார்த்த மருத்துவர், "எல்லைக்கோட்டில் நிற்கிறீர்கள். தினமும் நடங்கள்" என்றார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு, நம் நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகவும், மேலும் 13.6 கோடிப் பேர் அதன் வாசற்படியில் இருப்பதாகவும் மதிப்பிட்டது. அந்த 13.6 கோடியில் நானும் ஒருத்தி. அன்றிரவு என் கண்முன் வந்து நின்றவை எண்கள் அல்ல. தாயில்லாமல் நான் கழித்த நாட்களும், அருகில் உறங்கிக்கொண்டிருந்த என் பிள்ளைகளின் முகங்களுமே.

எங்கள் பாட்டிமார் உடற்பயிற்சி என்ற சொல்லையே கேட்டதில்லை. ஆட்டுக்கல்லும் அம்மியும் உரலும் அவர்களுடைய தோள்களுக்கு வேலை கொடுத்தன. குடமும் கிணறும் கால்களுக்கு வேலை கொடுத்தன. அந்தக் காலம் திரும்ப வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். நம் மாவட்டத்து நிலத்தடி நீரில் மிகுந்திருந்த புளோரைடு எத்தனை பேருடைய பற்களையும் எலும்புகளையும் கெடுத்தது என்பதை நாம் அறிவோம். 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் பயன்பாட்டுக்கு வந்தது பெரும்பேறு. 2011இல் தொடங்கிய அரசுத் திட்டத்தால் மிக்சியும் கிரைண்டரும் ஏழைகளின் வீடுகளுக்கும் வந்தன. பாரம் குறைந்தது நல்லதே. ஆனால் உடலுக்கு இருந்த அசைவும் அதனுடனேயே போயிற்று. அந்த இடத்தில் வேறொன்று வந்து சேரவில்லை.

அசைவின் அருமையை அறிய நாம் ஏறும் பேருந்தே போதும். இலண்டன் பேருந்துகளில் நாளெல்லாம் அமர்ந்து ஓட்டிய ஓட்டுநர்களையும், மாடிப் படிகளில் ஏறி இறங்கிச் சீட்டுக் கொடுத்த நடத்துநர்களையும் ஜெர்ரி மாரிஸ் என்னும் மருத்துவ அறிஞர் ஒப்பிட்டுப் பார்த்தார். நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்ததை அவரும் குழுவினரும் 1953இல் வெளியிட்டனர். தருமபுரிப் பேருந்தில் கல்லூரிக்கு வரும்போதெல்லாம் எனக்கு இந்த ஆய்வு நினைவுக்கு வரும். என் வேலையோ, வகுப்பில் நிற்கும் நேரம் போக, ஓட்டுநர் வேலையைப் போன்றதே.

அதிகாலையில் எழுவது கடினம் என்பார்கள். எனக்கு அது கடினமே அன்று. திருமணமான நாள் முதல் நாலேமுக்கால் மணிக்கு எழுபவள் நான். அந்த நேரம் எனக்கு உரியதாக இல்லை என்பதே சிக்கல். அது அடுப்புக்கு உரியது. பிள்ளைகளின் சாப்பாட்டு டப்பாவுக்கு உரியது. குழாயில் தண்ணீர் வரும் வேளைக்கு உரியது. ஒருநாள் இரவு, நாலேமுக்கால் முதல் ஏழரை வரை எங்கள் வீட்டில் நடக்கும் வேலைகளையும், ஒவ்வொன்றுக்கும் எதிரே செய்பவர் பெயரையும் ஒரு தாளில் எழுதினேன். பதினான்கு வேலைகள், பன்னிரண்டில் என் பெயர். தாளை என் கணவரிடம் கொடுத்தேன். இருமுறை படித்தார்.

"இவ்வளவு இருக்கா?" என்றார். சற்று நேரம் கழித்து, "பாலையும் குக்கரையும் என்கிட்ட விட்டுடு" என்றார்.

அத்தைக்கு இது பிடிக்கவில்லை. "ஆம்பளை அடுப்படியில நிக்கறதா?" என்று முணுமுணுத்தார். முதல் வாரம் பால் இருமுறை பொங்கி வழிந்தது. காய்களை இரவே நறுக்கி வைத்தோம். எட்டாம் வகுப்பு மகன் தண்ணீர் நிரப்பினான்; ஐந்தாம் வகுப்பு மகள் பாய்களைச் சுருட்டி வைத்தாள். ஐந்தேகால் முதல் ஐந்தேமுக்கால் வரை எனக்கென்று அரைமணி பிறந்தது.

வீடு விட்டது, வீதி விடவில்லை. "எங்க டீச்சர், ஊருக்கா?" என்று கேட்காத திண்ணை இல்லை. குடத்தோடு போகும் பெண்ணை யாரும் கேட்பதில்லை. வெறுங்கையோடு நடப்பவளுக்குக் காரணம் வேண்டும் போலும்! முணுமுணுத்த அத்தையே இதற்கு வழி சொன்னார்: "ஒரு பூக்கூடையைக் கையில எடுத்துக்கோம்மா. ஒருத்தரும் கேக்க மாட்டாங்க." அப்படியே பூக்கூடையோடு காலபைரவர் கோயில்வரை நடந்தேன். தேய்பிறை அட்டமி நாளில், பூசணி விளக்கேற்ற வரும் கூட்டத்தை எண்ணி வேறு தெரு வழியாகப் போவேன். லாரிகள் விரையும் சேலம் நெடுஞ்சாலைப் பக்கம் திரும்பவே மாட்டேன். நாய்களுக்காகக் கையில் ஒரு கோலும் இருந்தது. இரண்டு மாதங்கள் கழிந்தபின் கூடையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் புறப்பட்டேன். அண்டை வீட்டார் இருவர் சேர்ந்துகொண்டனர்.

விரதத்துக்கு ஒரு மண்டலம் என்று நம்மவர் கணக்கு வைத்துள்ளனர். பழக்கத்துக்கும் கணக்கு உண்டோ என்று இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரைக் கொண்டு ஆராய்ந்து 2010இல் எழுதியிருக்கிறார்கள். ஒரு செயல் தானாக நிகழும் பழக்கமாவதற்கு 18 நாள் முதல் 254 நாள் வரை ஆகலாம். நடுவான அளவு 66 நாள். இடையில் ஒருநாள் தவறினால் பெருங்கேடு இல்லை என்பதும் அதில் கண்ட உண்மை. பெற்றோர்க்கு இது பெரிய ஆறுதல். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் நடை நின்றுபோகும். தேர்வுத்தாள் திருத்தும் வாரத்திலும் நின்றுபோகும். நின்ற இடத்திலிருந்து மறுநாள் தொடங்கினால் போதும். என் நடைக்கு அடையாளம் பால்காரரின் மணியோசை. மணி கேட்டால் செருப்பை மாட்டுவேன். வேறு யோசனைக்கு இடமில்லை.

அளவு பற்றியும் அஞ்ச வேண்டாம். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உழைப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்ய வேண்டும் என்ற பழைய நிபந்தனையையும் 2020இல் அது கைவிட்டது. நம் அரசு 2023 நவம்பரில் மாவட்டந்தோறும் எட்டுக் கிலோமீட்டர் நடைபாதைகளை அறிவித்துத் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டம் போற்றத்தக்கது. எட்டுக் கிலோமீட்டர் இயலாதவர்களுக்கு அவரவர் தெருவே பாதையாகும். ஓராண்டு நடந்தபின் என் இரத்தப் பரிசோதனை எண் சற்றே இறங்கியது. இனி ஏறவே ஏறாது என்று யாராலும் உறுதி கூற இயலாது. மாடியில் இருக்கும் வகுப்புக்கு மூச்சு வாங்காமல் ஏறுகிறேன் என்பது மட்டும் உறுதி.

எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னதும் நெல்லிக்கனி நினைவுக்கு வரும். தகடூர் ஆண்ட அதியமான், ஆயுளை நீட்டிக்கும் அக்கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்கு ஈந்தான். அதன் பெருமையைச் சொல்லாமல் மறைத்தே கொடுத்தான் என்பதைப் புறநானூறு காட்டுகிறது. ஏன் மறைத்தான்? சொல்லியிருந்தால் ஔவை, "நீயே உண்பாயாக" என்று மறுத்திருப்பாள் என்று எண்ணினானோ? நம் வீட்டுத் தாய்மார்களும் அப்படித்தான். நல்லதெல்லாம் பிறர்க்கு என்று ஒதுக்கிவிட்டு, தமக்கு ஒன்று வரும்போது வேண்டாம் என்பார்கள். ஆகவே அவர்களாகக் கேட்கட்டும் என்று காத்திருக்கலாகாது.

மாணவ நண்பர்களே! உங்களுள் பலர் விடியுமுன் மாடு கறந்து, வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டுக் கல்லூரிக்கு வருகிறீர்கள். உங்களுக்கு உடற்பயிற்சியை நான் போதிக்க வேண்டியதில்லை. நாளை நீங்கள் அலுவலகங்களில் அமர்வீர்கள், பெற்றோராவீர்கள். அப்போதைக்கு இப்போதே ஒன்று சொல்லி வைக்கிறேன். இன்றிரவு உங்கள் வீட்டின் காலை வேலைகளை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எதிரே யார் பெயர் அதிகம் வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். அவற்றுள் இரண்டை நாளை முதல் உங்கள் பெயருக்கு மாற்றிக்கொண்டு, "அம்மா, கொஞ்சம் நடந்துவிட்டு வாங்க" என்று சொல்லுங்கள்.