ஒயர் இல்லாத கூடம்

டி.வி. கேம் என்றதும் உங்களுக்கு முதலில் என்ன ஞாபகம் வருகிறது, சொல்லுங்கள். வயதைச் சொல்லிவிடுகிறேன். மஞ்சள் கேசட், செருகுமுன் அதை வாயால் ஊதுவது, மரியோ, காண்ட்ரா என்றால் நீங்கள் நாற்பதை நெருங்குகிறீர்கள், அல்லது தாண்டிவிட்டீர்கள்.

அந்தப் பெட்டிகள் 1983-ல் ஜப்பானில் நிண்டெண்டோ வெளியிட்ட ஃபேமிகாமின் மலிவு நகல்கள். ஒயர் குட்டை. 'கண்ணு கெட்டுடும், தள்ளி உக்காருடா' என்று அம்மா கத்துவாள். தள்ளி உட்கார்ந்தால் பெட்டியே ஸ்டாண்டிலிருந்து இறங்கி மடிக்கு வரும்.

இந்த ஒயர் விவகாரம் சமீபத்தில் வேங்கிக்காலில் என் தம்பி வீட்டில் மறுபடி கிளம்பியது. பையன் கேட்டது ப்ளேஸ்டேஷனா எக்ஸ்பாக்ஸா என்று. தம்பியின் கவலை வேறு. அம்மாவுக்குப் போன வருஷம் இடுப்பெலும்பு ஆபரேஷன். வாக்கர் பிடித்து நடக்கிறாள். பௌர்ணமி தோறும் கிரிவலத்துக்கு வரும் சொந்தக்காரர்கள் கூடம் முழுக்கப் படுத்திருப்பார்கள். 'எதை வேணா வாங்கு, தரையில ஒயர் ஓடக்கூடாது' என்றான். எழுபது வயதுக்கு மேல் ஒரு தடுக்கல் என்பது விளையாட்டில்லை.

ஒயரை வெட்டுவது சுலபமாக நடக்கவில்லை. ஆரம்பத்தில் டி.வி. ரிமோட் போல இன்ஃப்ராரெட்டில் முயன்றார்கள். குறுக்கே யாராவது நடந்தால் ஹீரோ அப்படியே நிற்பான். 2002-ல் நிண்டெண்டோ கொண்டுவந்த வேவ்பேர்ட் ரேடியோ அலைக்கு மாறியது. ஆள் மறைத்தாலும் கவலையில்லை. ஆனால் பேட்டரியை மிச்சப்படுத்த, கையில் உணரும் அதிர்வை எடுத்துவிட்டார்கள். எக்ஸ்பாக்ஸ் 360 (2005), ப்ளேஸ்டேஷன் 3, வீ (இரண்டும் 2006) வந்த பிறகு ஒயர் இல்லாததே வழக்கமாகிவிட்டது.

சரி, எதை வாங்குவது? 2020-ல் வந்த இரண்டு பெட்டிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். ப்ளேஸ்டேஷன் 5-ன் கன்ட்ரோலரில் வில்லை இழுத்தால் விரலுக்கடியில் பட்டன் நிஜமாகவே இறுகும். பிரமாதம். ஆனால் பேட்டரி உள்ளேயே இருக்கிறது. பாதி ஆட்டத்தில் தீர்ந்தால் சார்ஜ் ஒயரைச் செருக வேண்டும். துரத்திவிட்ட ஒயர் கொல்லைப்புறமாகத் திரும்பி வந்துவிடும். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், எஸ் இரண்டுக்கும் இரண்டு பென்சில் செல் போதும். ரீசார்ஜ் செய்யும் செல் இரண்டு ஜோடி வைத்துக்கொண்டால் மாற்றி மாற்றி ஓட்டலாம்.

ஒயர் இல்லாவிட்டால் ஆட்டம் தாமதமாகுமே என்பார்கள். வித்தியாசம் சில மில்லிசெகண்டுகள்தான். போட்டிக்குப் போகிறவர்கள் கவலைப்படட்டும். வீட்டில் பல சமயம் தாமதம் செய்வது டி.வி.தான், அதில் 'கேம் மோட்' இருக்கிறதா பாருங்கள்.

ஆகவே கடைக்குப் போகுமுன் ஒருமுறை உங்கள் கூடத்தைப் பாருங்கள். யார் எங்கே உட்காருவார்கள், யார் குறுக்கே நடப்பார்கள் என்று. பெட்டியின் வேகத்தைவிட அது முக்கியம்.

தம்பி வீட்டுக்கு எக்ஸ்பாக்ஸ் வந்தது. ஒயர் போனதில் யாரும் எதிர்பார்க்காத லாபம் ஒன்று: கன்ட்ரோலர் அம்மாவின் ஈசிசேர் வரை வந்துவிட்டது. அம்மா கார் ஓட்டினாள், எல்லாரும் போகும் திசைக்கு நேர் எதிரே.

'பாட்டி, கிரிவலம் மாதிரிதான் இதுவும். ஒரே பக்கமாத்தான் சுத்தணும்' என்றான் பேரன்.