காங் என்றால் துறை

ரயிலை விட்டு இறங்கியதும் தங்கை மகன் நடைமேடைப் பலகையை வாய்விட்டுப் படித்தான். ஆங்கிலத்துக்கும் சீனத்துக்கும் கீழே தமிழில்: சுவா சூ காங்.

"இதுக்கு என்ன அர்த்தம் மாமா?"

"சுவாங்கிறது சீனக் குடும்பப் பேரு. சூன்னா வீடு. காங்னா துறை. ஹாங்காங்ல வர்ற அதே காங்தான்."

அவன் தூத்துக்குடியிலேயே பிறந்து வளர்ந்தவன். துறை என்றதும் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தான். லாட் ஒன் கடைத்தொகுதி தெரிந்தது, எல்ஆர்டி பாலம் தெரிந்தது, அதற்கப்பால் சிங்கப்பூர் அரசின் வீவக அடுக்குமாடிகள். "கடல் எங்க மாமா?"

"கொற்கைல கடல் இருக்கால?"

சிரித்துவிட்டான். பாண்டியர் முத்துத்துறை இன்று கடலுக்குச் சில கிலோமீட்டர் உள்ளே வாழைத்தோட்டங்களுக்கு நடுவே கிடப்பது அவனுக்குத் தெரியும். எங்கள் பேட்டையின் கதை வேறு. 19ஆம் நூற்றாண்டில் தியோச்சியூ சீனர்கள் ஆற்றோரமாகக் காடழித்து மிளகும் கம்பீரும் பயிரிட்டார்கள். கம்பீர் வேறொன்றுமில்லை, ஆச்சியின் வெற்றிலைப் பெட்டியில் இருந்த காசுக்கட்டிக்குப் பங்காளி. தோல் பதனிடவும் அது வேண்டும். இலையைக் காய்ச்சியெடுத்த சக்கை மிளகுக்கொடிக்கு உரமாகும். விளைந்தது படகேறிய ஆற்றுத்துறைதான் காங். லிம் சூ காங், இயோ சூ காங் எல்லாம் அதே வார்ப்பு. 1990இல் எம்ஆர்டி வந்தபோது துறை போய்ப் பெயர் மட்டும் மிஞ்சியிருந்தது.

ஊரிலிருந்து யார் வந்தாலும் தேக்காவுக்குத்தான் கூட்டிப்போகச் சொல்வார்கள். 2015 கடைசியில் டௌன்டவுன் பாதை திறந்த பிறகு அதுவும் சுலபம்: எல்ஆர்டியில் புக்கிட் பாஞ்சாங் போய் மாறினால் நேரே லிட்டில் இந்தியா. இவனை நான் அங்கே அழைத்துப்போகவில்லை. புளோக்குக்குக் கீழே இருக்கும் கோப்பிக்கடையில் உட்காரவைத்தேன்.

பரோட்டா போடும் அண்ணனுக்குச் சொந்த ஊர் கடையநல்லூர்ப் பக்கம். உருண்டையை எண்ணெய்ப் பலகையில் தட்டி, விளிம்பைப் பிடித்துச் சுண்டி, காற்றில் இரண்டு வீசு வீசுவார். மாவு அடியில் இருக்கும் பலகை தெரிகிற அளவுக்கு மெலிந்துவிடும். மடித்துக் கல்லில் போட்டு, வெந்ததும் இரு கையாலும் பக்கவாட்டில் அடித்து உதிர்ப்பார். ஊரில் 'நைட் கிளப்' என்று பெயர் வைத்த பரோட்டாக் கடைகளில் சால்னாவில் ஊறவைத்துத் தின்று வளர்ந்தவன், இங்கே மீன்குழம்பைச் சின்னக் கிண்ணத்தில் தனியாக வைத்ததும் முகம் சுளித்தான். பக்கத்து மேசை மலாய்க்காரச் சிறுவன் பரோட்டாவைச் சீனியில் தொட்டுத் தின்றதைப் பார்த்து இன்னும் சுளித்தான். மூன்றாவது பரோட்டாவில் அவன் கையும் சீனித் தட்டுக்குப் போனது.

எனக்கு கோப்பி ஓ கோசோங், பாலும் இல்லை, சீனியும் இல்லை. அவனுக்கு தே தாரிக். குடித்து முடித்துத் தட்டை அப்படியே விட்டு எழுந்தவனைப் பிடித்து நிறுத்தினேன். 2022 ஜனவரியிலிருந்து கோப்பிக்கடையிலும் தட்டை நாமேதான் எடுத்துப்போய் அடுக்கில் வைக்க வேண்டும். முதல் தடவை எச்சரிக்கையோடு விடுவார்கள், அடுத்த தடவை அபராதம்.

"வீட்லயே நான் தட்டு எடுத்ததில்ல மாமா."

"தெரியும். ஒங்கம்மா சொல்லியிருக்கா."

இரண்டு நிலையம் தள்ளி கிராஞ்சி. அங்கிருந்து சுங்கை பூலோ சதுப்பு நிலத்துக்குப் போனோம். ஒரு காலத்தில் இறால் குட்டைகளாக இருந்த இடத்தை 1993இல் பூங்காவாகத் திறந்து, 2002இல் இயற்கை வனப்பகுதியாக அறிவித்தார்கள். அலையாத்தி வேர்களுக்கு நடுவே சேற்றில் கட்டைவிரல் அளவு மீன்கள் துடுப்பை ஊன்றித் தத்திக்கொண்டிருந்தன. பாதையின் குறுக்கே ஓர் உடும்பு எங்களைச் சட்டை செய்யாமல் கடந்தது. பாலத்துக்குக் கீழே மரக்கட்டை என்று நினைத்தது முதலை. அவன் அசந்து நின்றது அதற்கெல்லாம் இல்லை. தண்ணீர் வடிந்த மேட்டில் சிவந்த காலோடு மேய்ந்த பறவையைக் காட்டி, "இது பவளக்காலில்லா! நம்ம உப்பளத்துக்கு வருமே" என்றான். செப்டம்பரிலிருந்து மார்ச் வரை வடக்கிலிருந்து வலசை வந்து தங்குகிற கூட்டம் அது. வெளியூரில் ஊர்க்காரனைப் பார்த்த மாதிரி அரைமணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் நாலு பரோட்டாவைப் பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டு 975ஆம் எண் பேருந்தில் ஏறினோம். வழியில் இந்துக்கள், முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள், சீனர்கள் எல்லாருக்குமான மயானம். இங்கே புதைக்கிற இடத்துக்கும் தவணை உண்டு, 15 ஆண்டு. அதைத் தாண்டினால் பண்ணைகள். அடுக்குமாடியே கண்ணில் படாத சிங்கப்பூர். லிம் சூ காங் சாலை முடிகிற இடத்தில் பேருந்தும் நின்றது.

அங்கே ஒரு படகுத்துறை. நீரிணையில் மிதக்கும் மீன்பண்ணைகளுக்கு ஆளும் தீனியும் போவதும் மீன் வருவதும் இதன் வழியாகத்தான். பெட்டி பெட்டியாகக் கொடுவா இறங்கியது. பெட்டி மூலையிலிருந்து ஐஸ் தண்ணீர் பலகை வழியாக ஒழுக, டீசல் வாடையும் மீன்கவிச்சும் சேர்ந்து அடித்தது. எதிரே ஜொகூர்க் கரை, எட்டிப் பிடிக்கலாம் போல. அவன் மூக்கை விரித்து இழுத்தான். ஊர்ப் பழக்கம், நானும் அப்படித்தான் செய்வேன். இத்தனை வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் நான் இங்கே வருவது எதற்கென்று வீட்டில் கேட்டால், காற்று வாங்க என்றுதான் சொல்லிவந்தேன்.

ஆறிப்போன பரோட்டாவைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தபோது அவன் கைப்பேசி அதிர்ந்தது. பார்த்துவிட்டுத் திடுக்கிட்டு நிமிர்ந்தான்.

"மாமா, மலேசியா வந்துட்டேன்னு மெசேஜ் வந்திருக்கு."

எதிர்க்கரைக் கோபுரத்தின் அலைவரிசை இங்கே அடிக்கடி பிடிக்கும்.

"ரோமிங்க அணைச்சிப் போடுல. காசு புடுங்கிருவான்."

அணைத்தான். மிச்சமிருந்த பரோட்டாவை என் பக்கம் தள்ளிவிட்டு, "கடல் எங்கன்னு கேட்டதுக்கு மலேசியாவையே காட்டிட்டீங்க" என்றான். கடைசிப் பெட்டியும் வேனில் ஏறியிருந்தது. ஐஸ் தண்ணீர் மட்டும் பலகை இடுக்கு வழியாகக் கடலுக்குத் திரும்பிச் சொட்டிக்கொண்டிருந்தது.