ஒன்றேகால் ரூபாய் விரதம்

ஜோத்பூரில் காலைப் பலகாரம் என்றால் வெங்காயக் கச்சோரி. தெருவுக்குத் தெரு எண்ணெய்ச் சட்டி காய்ந்துகொண்டிருக்கும். கச்சோரியின் வயிற்றைக் கட்டை விரலால் உடைத்து, அதில் புளிச் சட்னியை ஊற்றித் தருவார்கள். பகத் கி கோட்டி ரயில் நிலையத்துக்கு வெளியே நான் அந்தக் கடையைப் பார்த்து நின்றதும், நாங்கள் பேசி வைத்திருந்த ஆட்டோக்காரர் பதறிப் போனார். "வேண்டாம் தீதி, இன்றைக்கு வெள்ளிக்கிழமை. லால் சாகர் மாதாவிடம் போகிறீர்கள். புளிப்பு நாக்கில் படக் கூடாது." பெரியம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். "அவன் சொல்றது சரி. வா, இனிப்பா ஒரு டீ குடிச்சிட்டுப் போவோம்."

பெரியம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. 1970களில் நாக்பூரில் குடித்தனம் நடத்தியவள். அங்கே ஒரு சினிமாக் கொட்டகையில் 'ஜெய் சந்தோஷி மா' பார்த்துவிட்டு வந்து சந்தோஷி மாதாவுக்குப் பதினாறு வெள்ளிக்கிழமை விரதம் இருந்தவள். அந்தத் தாயின் மூலக்கோயில் என்று பலரும் சொல்லும் இடத்தை ஒருமுறை பார்க்க வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. சினிமா ஒரு தெய்வத்தை எப்படி வீடு வீடாகக் கொண்டு சேர்த்தது என்று தெரிந்துகொள்ளும் ஆவல் எனக்கு. கோட்டையை மறுநாளைக்குத் தள்ளி வைத்துவிட்டு, வடக்கே மண்டோர் சாலையில் கிளம்பினோம்.

மண்டோர் மார்வாரின் பழைய தலைநகர். 1459-இல் ராவ் ஜோதா ஜோத்பூர்க் கோட்டைக்கு அடிக்கல் நாட்டும்வரை ஆட்சி அங்கிருந்துதான் நடந்தது. அரசர்களின் நினைவு மண்டபங்கள் செந்நிறக் கல்லில் கோபுரம் கோபுரமாக நிற்கின்றன. மண்டோதரி பிறந்த ஊர் இதுதான், ராவணன் மாப்பிள்ளையாக வந்தது இங்கேதான் என்று ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். கதையில் வந்தவர்களைச் சொந்தக்காரர்களாகவே வைத்துக் கும்பிடுகிற மண் அது. நம் பக்கத்திலும் பாஞ்சாலிக்கு ஊருக்கு ஊர் கோயில் கட்டித் தீ மிதிக்கிறோமே, அதனால் எனக்கு அது விசித்திரமாகப் படவில்லை.

லால் சாகர் என்பது பாறைக் குன்றுகளை ஒட்டிய ஒரு நீர்நிலை. கோயில் அதன் பக்கத்திலேயே இருக்கிறது. கருவறையின் தலைக்கு மேல் பாறை கவிந்திருக்கிறது. வாசலில் சிவப்புத் துணியும் தேங்காயும் விற்கிறார்கள். எல்லாவற்றையும்விட அதிகமாக விற்பது வெல்லமும் வறுத்த கொண்டைக்கடலையும். அர்ச்சனைத் தட்டுக்கு நம் ஊரில் ஆகும் செலவை நினைத்துக்கொண்டு நான் பணப்பையைத் திறந்தேன். கடைக்காரப் பெண்மணி ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து நீட்டி, "இது போதும் பேட்டி (மகளே), அம்மா இதற்கு மேல் கேட்பதில்லை" என்றார்.

இந்த இடத்தின் வரலாற்றைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தேவி தானே வெளிப்பட்ட இடம் என்பது கோயிலில் சொல்லும் வரலாறு. பெயரிலேயே 'பிரகட்' என்று சேர்த்திருக்கிறார்கள். 1979-இல் வெளியான ஓர் ஆய்வு வேறொரு தகவலைத் தருகிறது. 1967-க்கு முன்பு இங்கே இருந்தவள் லால் சாகர் கி மாதா, அதாவது இந்த நீர்நிலையின் காவல் தெய்வம். அவளுக்கு ஆடு வெட்டிப் படைத்தார்கள். அவள் இருந்த இடத்தில் சந்தோஷி மாதா வந்த பிறகு பலி நின்றது, வெல்லமும் கடலையும் படையலாயின. 1960களிலேயே வட இந்தியாவில் ஒன்றுக்கொன்று வெகு தொலைவில் ஐந்து சந்தோஷி மாதா கோயில்கள் இருந்தன என்றும் ஆய்வாளர்கள் குறிப்பிடுகிறார்கள். கோயில்கள் குறைவுதான், ஆனால் மலிவு விலைக் கதைப் புத்தகங்களும் காலண்டர் படங்களும் பெண்கள் கை மாறிக் கை மாறிப் போய்க்கொண்டிருந்தன. தாமரைமேல் அமர்ந்து, சூலமும் வாளும் ஏந்திய அந்தப் படத்தை நம் ஊர்ப் பூஜை அறைகளிலும் பார்த்திருப்பீர்கள்.

அதற்குப் பிறகுதான், 1975-இல், 'ஜெய் சந்தோஷி மா' படம் வந்தது. இயக்குநர் விஜய் சர்மாவின் மனைவி இந்த விரதத்தில் நம்பிக்கை கொண்டவர். தாயின் மகிமையைப் பரப்பச் சொல்லிக் கணவரைத் தூண்டியவர் அவர்தான் என்பார்கள். பெரிய நட்சத்திரம் ஒருவரும் இல்லாமல், குறைந்த செலவில் எடுத்த படம். 'ஷோலே', 'தீவார்' படங்கள் ஓடிய அதே ஆண்டில் அவற்றோடு சேர்த்துச் சொல்லும்படியான வசூலை அது பெற்றது. சத்யவதி என்ற ஏழை மருமகளாகக் கானன் கௌஷலும், தேவியாக அனிதா குஹாவும் நடித்தார்கள். பாட்டு எழுதியவர் கவி பிரதீப். சீனப் போரில் இறந்த வீரர்களுக்காக அவர் எழுதி, நேரு முன்னிலையில் லதா மங்கேஷ்கர் பாடிய பாட்டை நாடே அறியும். இந்தப் படத்துக்குச் சி. அர்ஜுன் இசையில் உஷா மங்கேஷ்கர் பாடிய ஆரத்திப் பாட்டு திரையோடு நிற்கவில்லை. நாங்கள் கோயிலில் நின்றபோது ஒலிபெருக்கியில் வந்ததும் அதுதான். வரிசையில் நின்ற பெண்கள் வாய்க்குள்ளே கூடவே பாடினார்கள். பெரியம்மாவும் பாடினாள். ஒரு திரைப்பாட்டு அரை நூற்றாண்டு வழிபாட்டில் தேய்ந்து ஸ்தோத்திரமாகவே ஆகிவிட்டதை என் காதால் கேட்டேன்.

"கொட்டகை வாசல்ல செருப்பு மலையாக் கெடந்ததுடி" என்று நீர்க்கரைப் படியில் உட்கார்ந்துகொண்டு பெரியம்மா சொல்ல ஆரம்பித்தாள். "யாரும் கழட்டச் சொல்லல. முன்னாடி போன பொம்பளை கழட்டினா, நாங்களும் கழட்டினோம். அம்மா திரையில வந்ததும் பூவு, காசு, எல்லாம் பறக்குது. முடிஞ்சதும் ஒரு அம்மா எல்லாருக்கும் வெல்லமும் கடலையும் குடுத்தா." நாட்டின் பல ஊர்களில் நடந்ததாகப் புத்தகங்கள் பதிவு செய்திருப்பதும் இதுவே. பெண்கள் கூட்டம் கூட்டமாக மாட்டுவண்டியில் வந்து பார்த்த ஊர்கள் உண்டு.

அப்போது பெரியப்பா வேலை பார்த்த ஆலை மூடிக் கிடந்தது. கையில் காசு இல்லை. கோயில் குளம் போக வழி இல்லை. இந்த விரதத்துக்கு ஐயர் வேண்டாம், மண்டபம் வேண்டாம். ஒன்றேகால் ரூபாய்க்கு வெல்லமும் கடலையும் வாங்கினால் போதும். அதற்கும் முடியாதவர்கள் முடிந்த அளவுக்கு வைக்கலாம். செம்பில் தண்ணீர், அதன்மேல் கிண்ணத்தில் வெல்லமும் கடலையும். கதை சொல்லும்போது கேட்பவர் கையிலும் அதைக் கொஞ்சம் வைத்துக்கொள்ள வேண்டும். பக்கத்து வீட்டு மராத்திப் பெண் படிக்க, பெரியம்மா கேட்டிருக்கிறாள். முடிந்ததும் கையில் இருந்தது பசுவுக்கு; செம்புத் தண்ணீரை வீடு முழுக்கத் தெளித்து மிச்சத்தைத் துளசிக்கு விட வேண்டும்.

கடினமான விதி புளிப்புத்தான். விரத நாளில் விரதம் இருப்பவர் புளிப்பைச் சாப்பிடவும் கூடாது, பிறருக்குக் கொடுக்கவும் கூடாது. புளி, எலுமிச்சை, தக்காளி, மோர் எதுவும் வீட்டில் புழங்கக் கூடாது. தமிழ்ச் சமையலறையில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. "வெள்ளிக்கெழமைன்னா பொரிச்ச குழம்புதான். ஒங்க பெரியப்பா ரசம் இல்லாம சாப்பிடவே மாட்டார், அந்த நாலு மாசமும் ஒரு வார்த்தை சொல்லல" என்றாள். பதினாறாவது வாரம் முடித்து வைக்கும்போது எட்டுப் பையன்களுக்குச் சாப்பாடு போட வேண்டும். அவர்கள் கையில் காசு கொடுக்கக் கூடாது. அதில் புளி வாங்கித் தின்றுவிட்டால் விரதம் கெட்டுப் போகும். விரதக் கதையில் மருமகளுக்கு வருகிற பெரிய துன்பமே அப்படித்தான் வருகிறது.

படத்தில் இன்னொன்றும் உண்டு. தமிழர்களாகிய நமக்கு அது புதிது. சந்தோஷி மாதா விநாயகரின் மகள். ரக்‌ஷா பந்தன் அன்று விநாயகருக்கு அவர் தங்கை கயிறு கட்டுவதைப் பார்த்த மகன்கள், தங்களுக்கும் ஒரு தங்கை வேண்டும் என்று கேட்கிறார்கள். நாரதர் எடுத்துச் சொல்ல, சித்தி, ரித்தி என்னும் இரு மனைவியரிடமிருந்தும் சுடர் எழுந்து பெண் குழந்தையாகிறது. அரச மரத்தடியில் தனிக்கட்டையாக உட்கார்ந்திருக்கும் நம் பிள்ளையாருக்கு மனைவி, மகன், மகள் என்று குடும்பமே இருக்கிறது! இந்தப் பிறப்புக் கதை புராணத்திலும் இல்லை, பெண்கள் படித்துவந்த விரதக் கதைப் புத்தகத்திலும் இல்லை. லட்சுமி, பார்வதி, பிரம்மாணி மூவரும் புதிய தேவியின் புகழைக் கண்டு பொறாமைப்படுவதும் படம் சேர்த்ததே. அயோவா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த பிலிப் லுட்கன்டார்ஃப் இதை நன்றாகக் கவனித்திருக்கிறார்: கீழே புகுந்த வீட்டில் மருமகளை ஓரகத்திகள் படுத்துகிறார்கள், மேலே தேவியை மூத்த தேவியர் படுத்துகிறார்கள், கடைசியில் இருவரையும் வீடு ஏற்றுக்கொள்கிறது. மருமகளாக வாழ்க்கைப்பட்ட பெண்கள் அந்தக் கொட்டகைகளில் ஏன் அழுதார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் படித்ததில்லை.

கற்பனைக் கதையிலிருந்து வழிபாடு கிளம்புவது நம் நாட்டில் மட்டும் நடப்பதல்ல. ராபர்ட் ஹைன்லைன் 1961-இல் எழுதிய அறிவியல் நாவல் ஒன்றைப் படித்துவிட்டு, அடுத்த ஆண்டே அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தின் கல்லூரி மாணவர்கள் இருவர் ஒரு சமயக் குழுவைத் தொடங்கினார்கள். நாவலில் வரும் திருச்சபையின் பெயரையே அதற்கு வைத்தார்கள். நாவலில் வருவது போலவே தண்ணீரைப் பகிர்ந்து குடிப்பதைச் சடங்காக்கினார்கள். 'ஸ்டார் வார்ஸ்' படங்களில் வரும் ஜெடாய் வீரர்களின் நெறியைத் தம் மதம் என்று 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 3,90,127 பேர் எழுதினார்கள். அவர்களில் பலர் ஒரு பிரச்சாரத்துக்காக எழுதியவர்கள். 2021 கணக்கெடுப்பில் அந்த எண்ணிக்கை இரண்டாயிரத்துக்கும் கீழே வந்துவிட்டது. எஞ்சியிருப்பவர்களில் சிலர் தியானம், நேர்மை என்று உண்மையாகவே கடைப்பிடிக்கிறார்கள். அவர்களை நான் மதிக்கிறேன்.

ஆனால் லால் சாகரில் நின்றபோது ஒரு வேறுபாடு எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அங்கே கதை முதலில், வழிபாடு பிறகு. இங்கே அடுப்படியில் வழிபாடு முன்பே இருந்தது. படம் அதற்கு ஒரு முகம், ஒரு குடும்பம், ஒரு மெட்டு கொடுத்தது. 'சினிமா உண்டாக்கிய சாமி' என்று பத்திரிகைகளில் எளிதாக எழுதிவிடுகிறார்கள். அது பாதி உண்மைகூட இல்லை. செலவில்லாத, இடைத்தரகர் இல்லாத, வீட்டுக்குள்ளேயே முடிகிற ஒரு நோன்பு தேவைப்பட்ட லட்சக்கணக்கான பெண்கள் இல்லாமல் இருந்திருந்தால், எந்தப் படமும் இதைச் செய்திருக்க முடியாது. அதே கதையை 2006-இல் மறுபடி படமாக எடுத்தார்கள். யாரும் செருப்பைக் கழற்றவில்லை, படம் ஓடவும் இல்லை.

அனிதா குஹாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1961-இல் 'சம்பூர்ண ராமாயண'த்தில் சீதையாக நடித்தவர் அவர். சந்தோஷி மாதாவாக நடித்த பிறகு மக்கள் அவர் காலில் விழுந்து ஆசி கேட்டார்கள், குழந்தைகளைக் கொண்டுவந்து மடியில் வைத்தார்கள். வேறு வேடங்கள் அவருக்கு அமையவில்லை. 2007-இல் காலமானார். ஒரு தெய்வத்துக்கு முகம் கொடுத்ததன் விலையை அவர் தனியாகவே சுமந்தார் என்று எனக்குத் தோன்றுகிறது.

கோயிலில் எங்களுக்கு முன்னால் நின்ற மார்வாரி மூதாட்டி முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு பெரியம்மாவிடம் எந்த ஊர் என்று விசாரித்தார். மெட்ராஸ் என்றதும் வியப்பு. "அங்கேயும் அம்மா இருக்கிறாளா?" விருகம்பாக்கத்தில் கோயில் இருக்கிறது என்று பெரியம்மா தன் பழைய இந்தியில் சொன்னாள். ஆடி வெள்ளியைப் பற்றியும் அம்மனுக்குக் கூழ் ஊற்றுவதைப் பற்றியும் சொன்னாள். இரண்டும் வேறு வேறு அம்மனா என்று நான் குறுக்கே கேட்டேன். மூதாட்டி என்னைப் பரிவோடு பார்த்தார். "அம்மாக்கள் எல்லாரும் ஒன்றுதானே, பேட்டி." இந்த வழிபாட்டை ஆராய பம்பாய்க்கு வந்த ஸ்டான்லி கர்ட்ஸ் என்ற அமெரிக்க மானிடவியலாளருக்கும் போகிற இடமெல்லாம் இதே பதில்தான் கிடைத்தது. 1992-இல் அவர் எழுதிய புத்தகத்துக்குத் தலைப்பும் அதுவே ஆயிற்று.

திரும்பும் வழியில் பெரியம்மாவிடம் கேட்டேன், விரதம் பலித்ததா என்று. "வேலை கெடச்சது. ஒடனே இல்ல, வேற எடத்துல. அதுக்குள்ள ஒவ்வொரு வாரமும் ஒரு நாளு மனசு கெட்டியா இருந்ததே, அதுதான் எனக்குப் பெருசு" என்றாள். அந்தப் பதினாறு வாரத்தைப் பற்றி அவள் இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை.

அந்த நாளில் கொட்டகையில் செருப்பைக் கழற்றியவர்களில் பெரும்பாலோர் இன்று எழுபதைத் தாண்டியவர்கள். சினிமா வரலாறு எழுதுகிறவர்களும் சமய வரலாறு எழுதுகிறவர்களும் அவர்களைத் தேடிப் போனது குறைவு. உங்கள் வீட்டில், உங்கள் தெருவில் இந்த விரதம் இருந்த ஒருவர் இருந்தால் உட்கார்ந்து கேளுங்கள். எந்த ஊர், எந்தக் கொட்டகை, கதைப் புத்தகம் எந்த மொழியில் இருந்தது, என்ன வேண்டிக்கொண்டார்கள், புளியில்லாமல் என்ன சமைத்தார்கள் என்று கேட்டு, பெயரும் ஆண்டும் போட்டு எழுதி வையுங்கள்.