ஆடுபுலி ஆட்டம்

பொதிய மலையிற் பிறந்து, பாபநாசத்தின் அருகே பாறைகளினின்றும் இழிந்து, நெல்லைச் சீமையை வளப்படுத்திச் செல்லும் ஆறு தாமிரபரணி. பண்டைத் தமிழர் அதனைப் பொருநை என்று போற்றினர். எட்டு அணைக்கட்டுகள் அதன் நீரைத் தடுத்துக் கால்வாய்களில் திருப்பிவிடுகின்றன. கார் என்றும் பிசானம் என்றும் இரு பருவங்களில் அக்கால்வாய்களின் கரையெங்கும் நெல் விளையும். வயல்வேலை ஓய்ந்த நாட்களில், ஆலமரத்து நிழலிலும் கல்மண்டபத்துத் தரையிலும் ஊரார் கூடி ஆடிய ஆட்டங்கள் பல. பாண்டி, தாயம், பல்லாங்குழி என்பன அவற்றுட் சில. எனினும், அறிவோடு அறிவு பொருதும் ஆட்டம் ஒன்று உண்டு. அதுவே ஆடுபுலி ஆட்டம்.

இவ்வாட்டத்திற்கு விலைகொடுத்து வாங்கும் கருவி ஒன்றும் வேண்டுவதில்லை. ஒரு துண்டுக் கரியோ சுண்ணாம்போ இருந்தால் அரங்கம் அமைந்துவிடும். கூம்பிய மலைபோல ஓர் உச்சிப் புள்ளி இட்டு, அதனின்றும் நான்கு கோடுகள் கீழ்நோக்கி விரியுமாறு வரைவர். அவற்றின் அடிகளை ஒரு கோட்டால் இணைப்பர். இடையே மூன்று குறுக்குக் கோடுகளை இருபுறமும் நீளுமாறு இழுத்து, அவற்றின் முனைகளைப் பக்கக் கோடுகளால் சேர்ப்பர். உச்சியில் ஒன்று, குறுக்குக் கோடுகளில் ஆறாறாகப் பதினெட்டு, அடியில் நான்கு என, ஆகப் புள்ளிகள் 23. தமிழகக் கோயில்கள் பலவற்றின் மண்டபத் தரையில் இவ்வரங்கம் உளியாற் செதுக்கப்பட்டுள்ளது. கல்லையே தாளாகக் கொண்ட முன்னோர், ஆட்டத்தையும் அழியாமற் பொறித்து வைத்தனர் போலும்!

அரங்கில் இரு கட்சியார் எதிரெதிர் அமர்வர். ஒருவர்க்குப் புலிகள் 3. மற்றவர்க்கு ஆடுகள் 15. கூழாங்கல் மூன்று புலியாகும். புளியங்கொட்டை பதினைந்து ஆடாகும். ஆடுகள் ஒவ்வொன்றாக அரங்கினுள் வரும். எல்லா ஆடுகளும் வந்து சேருமுன் ஓர் ஆடும் இடம் பெயர்தல் கூடாது. புலியோ தொடக்கம் முதலே கோடு வழியே நடமாடும். தன் அருகில் ஓர் ஆடு நின்று, அவ்வாட்டிற்கு நேர் பின்னே உள்ள புள்ளி வெறுமையாக இருப்பின், புலி தாவிச் சென்று அவ்விடத்தைப் பற்றும். தாண்டப்பட்ட ஆடு வெட்டுண்டு அரங்கை விட்டு நீங்கும். ஆட்டிற்குத் தாவும் உரிமை இல்லை; அடுத்த புள்ளிக்கு அடியெடுத்து வைக்கும் உரிமை ஒன்றே உண்டு. புலிகள் அசைய வழியின்றி அடைபட்டால் ஆடுகளுக்கு வெற்றி. அடைக்க இயலாதவாறு ஆடுகள் குறைந்துவிட்டால் புலிகளுக்கு வெற்றி. ஊருக்கு ஊர் சிறு வேறுபாடு இருப்பினும் ஆட்டத்தின் உயிர்நிலை இதுவே.

சதுரங்கத்தில் இருபுறத்துப் படையும் ஒத்த வலிமை உடையன. ஆடுபுலி ஆட்டத்தில் அங்ஙனம் இல்லை. ஒருபுறம் ஆற்றல் மிகுதி. மறுபுறம் எண்ணிக்கை மிகுதி. இவ்வாறு ஒவ்வாத இரு கட்சிகளை எதிர்நிறுத்தியும் ஆட்டம் நடுநிலை பிறழாமல் நடைபெறுகின்றது. இத்தகைய ஆட்டங்கள் பிற நாடுகளிலும் வழங்குகின்றன. நேபாள நாட்டினர் 25 புள்ளிகளில் 4 புலிகளும் 20 ஆடுகளும் கொண்டு ஆடுவர். ஐரோப்பியர் நரியும் வாத்துகளுமாக ஆடுவர். நேபாள நாட்டு ஆட்டத்தைக் கணிப்பொறியின் துணைகொண்டு ஆராய்ந்த அறிஞர், இருவரும் பிழையின்றி ஆடினால் அது வெற்றியும் தோல்வியுமின்றி முடியும் எனக் கண்டனர். பல்லும் நகமும் உடைய புலியும், ஒன்றும் இல்லாத ஆடும் சமமாகும் இடம் ஒன்று உண்டு என்பது வியப்பன்றோ!

ஆடுகள் அவ்வாறு சமநிலை பெறுவது எதனால்? ஒரு சிறு கணக்கு இதனை விளக்கும். புள்ளிகள் 23, காய்களோ ஆடும் புலியும் சேர்ந்து 18. எனவே, எல்லாக் காய்களும் அரங்கில் உள்ளபோது வெற்றிடங்கள் ஐந்தே. இவ்வைந்து வெற்றிடங்களும் எங்கே அமைகின்றன என்பதைப் பொறுத்தே ஆட்டம் முடியும். வெற்றிடம் ஆட்டின் முதுகிற்குப் பின்னே அமைந்தால் ஆடு மாளும். ஆடுகளின் அணிக்கு அப்பால், புலி எட்டாத இடத்தில் அமைந்தால் புலி மடங்கும். ஓர் ஆடு வெட்டுண்டால் ஐந்து ஆறாகும். இன்னும் ஒன்று வெட்டுண்டால் ஆறு ஏழாகும். ஒவ்வோர் ஆட்டின் அழிவும் எஞ்சிய ஆடுகளுக்குப் பின்னே புதியதொரு வெற்றிடத்தை உண்டாக்கிவிடும். ஆதலால், 'அது வேறோர் ஆடு, எனக்கென்ன?' என்று இருப்பதற்கு இவ்வாட்டத்தில் எந்த ஆட்டிற்கும் இடமில்லை.

புதியவர் ஆடுகளை அரங்கெங்கும் பரப்பிவிடுவர். எங்கும் தம் காய் நிற்பதைக் கண்டு மகிழ்வர். பரப்பிய ஆடுகள் ஒவ்வொன்றாகப் பறிபோகும். தேர்ந்தவர் ஓரங்களை முதலிற் பற்றுவர். அடிக்கோட்டில் நிற்கும் ஆட்டைக் கீழ்நோக்கித் தாண்டப் புலிக்கு வழி இல்லை என்பதை அவர் அறிவர். ஓர் ஆட்டின் பின்னே மற்றோர் ஆட்டை நிறுத்தி, அணியணியாக முன்னேறுவர். சில வேளைகளில் ஓர் ஆட்டை வேண்டுமென்றே பலியிட்டுப் புலியை மூலைக்கு இழுத்து அடைப்பதும் உண்டு.

நாடு கொள்ளும் போரை ஓர் ஒழுங்கான ஆட்டம்போல வகுத்துக் காண்பது தமிழர்க்குப் பழைய வழக்கம். புறப்பொருள் இலக்கணம் போரின் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு பூவின் பெயரை இட்டு வழங்குகின்றது. பகைவர் ஆநிரையைக் கவர்வோர் வெட்சி சூடுவர். அதனை மீட்போர் கரந்தை சூடுவர். மண்ணாசையாற் படையெடுப்போர்க்கு வஞ்சி. அதனை எதிர்நின்று தடுப்போர்க்குக் காஞ்சி. மதிலை வளைப்போர்க்கு உழிஞை, காப்போர்க்கு நொச்சி. இருபெரும் படையும் ஒரு களத்திற் பொருதலுக்குத் தும்பை, வென்றோர்க்கு வாகை. எவர் எக்கட்சியினர் என்பதைத் தலையிற் சூடிய பூவே உணர்த்திற்று.

நெல்லைச் சீமையின் வரலாற்றை நோக்குவோர்க்கு, அச்சீமையே ஒரு பேரரங்கமாக விளங்கிய காலம் ஒன்று தென்படும். மதுரை நாயக்கர் ஆட்சியில் பாளையங்கள் எழுந்தன. நடுவே ஆற்றுப் பாய்ச்சலால் செழித்த நெல்வயல்கள். மேற்கே மலையடிவாரத்துப் பாளையங்கள். வடகிழக்கே கரிசல் நிலத்துப் பாளையங்கள். மேற்கில் நெற்கட்டுஞ்செவலும், சிவகிரியும், சேற்றூரும், ஊத்துமலையும் இருந்தன. கிழக்கில் பாஞ்சாலங்குறிச்சியும், எட்டயபுரமும், நாகலாபுரமும் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் மண்கோட்டையும், முள்வேலியும், படையும் உண்டு. காவற்கூலி பெறும் உரிமை பற்றியும் எல்லை பற்றியும் ஒரு பாளையத்திற்கும் மற்றொன்றிற்கும் ஓயாத பூசல் இருந்துவந்தது.

இவ்வரங்கில், ஆர்க்காட்டு நவாபின் பேரால் வரி தண்டுவதற்கு ஆங்கிலேயக் கம்பெனியின் படை 1755-ஆம் ஆண்டில் நுழைந்தது. கர்னல் ஹெரான் நெற்கட்டுஞ்செவலின் கோட்டை முன் நின்று கப்பம் கேட்டான். பூலித்தேவர் கப்பம் கட்ட மறுத்தார். ஹெரான் கோட்டையைக் கொள்ள இயலாமற் பின்வாங்கினான். அதன்பின் பூலித்தேவர் செய்த செயல் சிறப்பாகக் கருதத்தக்கது. தனித்து நிற்பதனால் பயனில்லை என்று தெளிந்து, மேற்குப் பாளையங்களை ஒரு கூட்டாகச் சேர்த்தார். சிவகிரி அக்கூட்டிற் சேரவில்லை. பாஞ்சாலங்குறிச்சியும் எட்டயபுரமும் சேரவில்லை. கம்பெனியின் படைத்தலைவனாகிய யூசுப்கான், திருச்சிராப்பள்ளியிலிருந்து பெரும் பீரங்கிகளை வருவித்துப் போரிட்டான். 1761-ஆம் ஆண்டு மே மாதத்தில் நெற்கட்டுஞ்செவலும், வாசுதேவநல்லூரும், பனையூரும் அவன் கைப்பட்டன.

வென்ற யூசுப்கானின் நிலை யாதாயிற்று? மதுரையை ஆண்ட அவன் கம்பெனிக்கும் நவாபுக்கும் அடங்க மறுத்தான். முற்றுகையிடப்பட்டுப் பிடிபட்டு, 1764-ஆம் ஆண்டில் தூக்கிலிடப்பட்டான். நேற்றுப் புலியாகப் பாய்ந்தவன் இன்று ஆடாக வெட்டுண்டான். அரங்கில் வரைந்த கோட்டுக்குள் புலி என்றும் புலியே. வரலாற்றில் அங்ஙனம் இல்லை.

முப்பத்தைந்து ஆண்டுகள் கழிந்தன. முன்னர்ப் பூலித்தேவரின் கூட்டிற் சேராது விலகி நின்ற பாஞ்சாலங்குறிச்சியின் வாயிலில் அதே பகை வந்து நின்றது. கப்பம் பற்றிய பூசல் முற்றி, 1799-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் பானர்மன் அக்கோட்டையைத் தாக்கினான். அப்போது முதுகுப்புறம் வெறுமையாக இருந்தது. நெற்கட்டுஞ்செவலின் வலிமை என்றோ அழிந்துவிட்டது. அண்டையிலிருந்த எட்டயபுரமோ கம்பெனியின் பக்கம் நின்றது. வீரபாண்டிய கட்டபொம்மன் அவ்வாண்டு அக்டோபர் 16-ஆம் நாள் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1801-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அவர் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையினின்றும் தப்பி, இடிந்த கோட்டையை மீண்டும் எழுப்பினார். அக்கோட்டை மே மாதத்தில் மறுபடியும் வீழ்ந்தது. ஊமைத்துரை சிவகங்கைச் சீமைக்குச் சென்று மருது சகோதரரோடு சேர்ந்தார். எல்லா வகுப்பினரும் ஒன்றுபட வேண்டும் என்று மருதுபாண்டியர் அவ்வாண்டு ஜூன் மாதத்தில் விடுத்த அறிக்கை, இக்கூட்டின் நோக்கத்தை நாடறியச் செய்தது. ஆனால், காலம் கடந்துவிட்டது. அக்டோபரில் மருது சகோதரர் தூக்கிலிடப்பட்டனர்; நவம்பரில் ஊமைத்துரையும் மரண தண்டனைக்கு உள்ளானார். பாளையங்களின் கோட்டைகள் இடிக்கப்பட்டன, படைக்கலங்கள் பறிக்கப்பட்டன.

ஒற்றுமையின்மை ஒன்றே இவ்வீழ்ச்சிக்குக் காரணம் என்று கூறுதல் முழு உண்மை ஆகாது. மண்கோட்டையைப் பீரங்கி பிளந்தது. வேலும் வாளும் தாங்கியவர் துப்பாக்கியின் முன் நின்றனர். கம்பெனிக்குக் கடல்கடந்த செல்வமும் சென்னையிலிருந்து வந்த படையும் துணையாயின. ஆயினும், புலி தாவுவதற்கு வலிமை மட்டும் போதாது. தாவி இறங்க ஓர் இடமும் வேண்டும். அவ்விடத்தைத் தந்தது பாளையங்களின் பிளவே. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்னும் பழமொழி, நெல்லைச் சீமையில் நாற்பத்தாறு ஆண்டுகள் வரலாறாகவே நடந்தது.

இவ்வரங்கில் மூன்றாவது ஒரு கூட்டத்தாரும் இருந்தனர். அவர் ஆற்றங்கரை உழவர். நவாபுக்கு வரி, பாளையத்திற்குக் காவற்கூலி, வந்த படைக்கு நெல் என எல்லாம் அவர் களத்துமேட்டிலிருந்தே சென்றன. ஆடு எனவும் புலி எனவும் எண்ணப்படாத அவர், இருதிறத்தாரும் மிதித்து ஆடிய தரையாக இருந்தனர். போர்களைப் பற்றிய நூல்களில் அவர் பெயர் இல்லை. வென்றவன் எவன், தோற்றவன் எவன் என்று மட்டும் வினவும் மாணவன், 'விதைத்தவன் யாவன்?' என்றும் ஒருமுறை வினவுதல் நன்று.

இக்காலத்தில் நாடு கொள்ளும் விளையாட்டுகள் கைப்பேசியிலும் கணிப்பொறியிலும் மலிந்துள்ளன. கற்பனை உலகம் ஒன்று. அதில் மாயவல்லமை படைத்த குலங்கள் பல. ஒவ்வொன்றுக்கும் ஒரு கொடி, ஒரு தனியாற்றல். ஆடுவோன் ஒரு குலத்தைத் தனதாக்கி, மண்டலம் மண்டலமாகக் கைப்பற்றிச் செல்கின்றான். புதியன என்பதற்காக அவற்றை இகழ வேண்டுவதில்லை. ஒவ்வாத ஆற்றல் உடைய கட்சிகளை ஓரரங்கில் மோதவிடும் கலையைக் கரித்துண்டால் வரைந்து ஆடியவர் வழியில் வந்தோர்க்கு அவை அயலானவையும் அல்ல. ஆயினும், அவற்றை ஆடுவோன் பெரும்பாலும் தனக்கு விருப்பமான குலத்தையே மீண்டும் மீண்டும் தெரிந்துகொள்வான். திண்ணையில் நடந்த ஆட்டத்தின் முறை வேறு. ஓர் ஆட்டம் முடிந்ததும் இருவரும் காய்களை மாற்றிக்கொள்வர். புலியாக இருந்தவன் ஆடாவான். ஆடாக இருந்தவன் புலியாவான். வெட்டியவன், வெட்டுப்படுதல் இன்னதென்று சற்று நேரத்திற்குள் அறிவான். எளியவர் நிலையை வலியவர்க்கு உணர்த்த இதனினும் சிறந்த பாடம் வேறு யாது?

வெட்டுண்ட புளியங்கொட்டைகளை மீண்டும் பொறுக்கியெடுத்து அடுத்த ஆட்டம் தொடங்கலாம். கயத்தாற்றிலும் திருப்பத்தூரிலும் மாண்டவர்க்கு அடுத்த ஆட்டம் இல்லை. 1974-ஆம் ஆண்டில் தமிழக அரசு பாஞ்சாலங்குறிச்சியில் எழுப்பிய நினைவுக்கோட்டை, அங்கே வாழ்ந்தவரை நினைவூட்டுமேயன்றி மீட்டுத் தராது. ஆதலால், ஆட்டத்தில் ஆடுகளை இழந்து கற்கவேண்டிய பாடத்தை ஆட்டத்திலேயே கற்றுக்கொள்ளுதல் அறிவுடைமை. அயலான் இடர்ப்படும்போது அவன் பின்னே உள்ள இடத்தை வெறுமையாக விடாது சென்று நிற்பவன், அவனைக் காப்பதோடு தன்னையும் காத்துக்கொள்கின்றான்.